மூஞ்சி தெரிகிற டெலிபோன்

என்னோடு ஒன்பதாம் வகுப்பில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருந்து, பிறகு என்னை மட்டும் அங்கேயே விட்டுவிட்டுப் பத்தாம் வகுப்புக்கு ஏறிப்போன துரோகிகளே, சௌக்கியமா? உங்களுக்கெல்லாம் இப்போது சர்க்கரை, பிரஷர், பேரன், பேத்தி. எனக்கும் அதே சரக்குதான். என் பேத்தி தினமும் சாயங்காலம் போனில் வந்து, "தாத்தா, மூக்கு ஓட்டை மட்டுந்தான் தெரியுது, போனை நேராப் பிடிங்க" என்று அதட்டுகிறாள். அவளுக்கு என்ன தெரியும்? மூஞ்சி தெரிகிற டெலிபோனை இந்த உலகத்திலேயே முதலில் செய்தது போடிநாயக்கனூரில். செய்தவர்களில் ஒருவன் அவளுடைய தாத்தா. சிரிக்காதீர்கள். முழுசாகக் கேட்டுவிட்டுச் சிரியுங்கள்.

அப்போது போன் என்றால் பஜாரில் ஏலக்காய்க் கடைகளில் இருக்கும் கறுப்பு போன்தான். டிரங்க் கால் போட்டுவிட்டு முதலாளி வாசலைப் பார்த்து உட்கார்ந்திருப்பார். மணி அடித்ததும் கழுத்து நரம்பு புடைக்கக் கத்துவார். மதுரை என்றால் உட்கார்ந்தபடி ஒரு கத்து. பம்பாய் என்றால் எழுந்து நின்று ஒரு கத்து. தூரத்துக்குத் தக்க சத்தம் என்பது எங்கள் ஊர்க் கணக்கு. "சரக்கு பச்சைப் பசேல்னு இருக்குங்க!" என்று அவர் பம்பாய்க்குக் கத்தும்போது அவருடைய இன்னொரு கை சாக்குக்குள் வெளுத்துப்போன காய்களை அளைந்துகொண்டிருக்கும். எதிர்க்கடை வாசலில் நின்று இதைப் பார்ப்பதுதான் எனக்குப் பள்ளிக்கூடம். பம்பாய்க்காரனுக்கு இந்தக் கை தெரிந்தால் என்ன ஆகும் என்று நினைத்து நினைத்துச் சிரிப்பேன்.

இந்தச் சிரிப்புதான் பின்னால் எங்களை மதுரை வரைக்கும் கொண்டுபோனது.

ஒருநாள் காலைப் பிரார்த்தனையில் சயின்ஸ் வாத்தியார் ஒரு நோட்டீஸை வாசித்தார். மாணவர்களுக்கு ஒரு போட்டி. கதைகளில் வருகிற அதிசயக் கருவி ஏதாவது ஒன்று நிஜமாகவே வந்துவிட்டால் எப்படி இருக்கும் என்று வீடியோ எடுத்து அனுப்ப வேண்டும். நல்ல படங்களை மதுரையில் பெரிய டிவியில் போட்டுக் காட்டிப் பரிசு கொடுப்பார்கள். வீடியோ என்ற சொல் அவர் வாயிலிருந்து விழுந்ததும் மொத்தப் பள்ளிக்கூடமும் திரும்பி என்னைப் பார்த்தது. ஒன்பதாவதை இரண்டாம் முறை படிக்கிறவனை யாரும் அப்படி மரியாதையாகப் பார்த்ததில்லை. காரணம், ஊரில் கல்யாண வீடியோ எடுக்கிற கடை என் ஒன்றுவிட்ட பெரியப்பா மகனுடையது. கேமரா அண்ணன் கையில். அண்ணன் என் கையில்.

அந்தச் சாயங்காலமே கிளாஸ் லீடர் என்னைத் தேடி வந்தான். எண்ணெய் வைத்துப் படிய வாரிய தலை, சட்டைப் பையில் இரண்டு பேனா. அதுவரை என் பெயரை மிஸ்டேக் நோட்டில் எழுதுவதற்கு மட்டுமே என்னிடம் வருகிறவன்.

"பறக்குற காரு எடுப்போமா?" என்றான்.

"போடிமெட்டு ஜீப்பு தெனமும் பறக்கத்தானடா செய்யுது. வேற சொல்லு."

"எந்திர மனுசன்?"

"ஒன்னைய நிப்பாட்டுனாப் போதும்."

அவன் முகம் சுருங்கியது. பாவமாக இருந்தது. அப்போதுதான் பஜார் முதலாளியின் கையைப் பற்றிச் சொன்னேன். பேசும்போது மூஞ்சியும் தெரிகிற போன். மலை மேலிருந்து ஒருவர் காயைக் காட்டுகிறார், கீழே இருக்கிற வியாபாரி அதன் பச்சையைப் பார்த்து விலை சொல்கிறார். யாரும் யாரையும் ஏமாற்ற முடியாது. லீடர் பேனாவைத் திறந்தவன், மூடுவதற்குள் வசனத்தையே எழுதிவிட்டான்.

இடைஞ்சல் ஒன்றுதான். இரண்டு பக்கமும் கேமரா வேண்டும். அண்ணனிடம் இருந்தது ஒன்று. அதற்கும் வழி கண்டோம். மலையில் பேசுகிறவரை முதலில் படம் பிடித்துக்கொள்வது. பிறகு கடையில் டெக்கில் அந்தக் கேசட்டைப் போட்டு, டிவிக்கு எதிரே லீடர் மீசை ஒட்டிக்கொண்டு போனோடு உட்கார்ந்து பதில் சொல்வது. இரண்டையும் சேர்த்து அண்ணன் மறுபடி படம் பிடிப்பார். மலை ஆள் பேச்சுக்கு நடுவே இடைவெளி விட வேண்டும். லீடர் அந்த இடைவெளிக்குள் பேசி முடிக்க வேண்டும். அவ்வளவுதான் விஞ்ஞானம்.

மலையில் பேச யார்? என் அத்தை.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். அத்தை என் அப்பாவின் ஒரே தங்கை. எஸ்டேட்டுக்குக் காய் பறிக்கும் ஆட்களை ஏற்றிப்போகிற ஜீப்பை ஓட்டிய மலையாளத்துக்காரரைத் தானாகவே கல்யாணம் பண்ணிக்கொண்டு மலையேறிவிட்டாள். அப்பா குலசாமி கோயிலில் போய்ச் சூடம் அடித்துச் சத்தியம் செய்தார்: "இனி அவ மூஞ்சியில முழிக்க மாட்டேன்." அதோடு எங்கள் வீட்டில் அவள் பேச்சே இல்லை. பக்கத்துச் சிலமலை கிராமத்தில் வயல், தோளில் துண்டு, ஞாயிற்றுக்கிழமை கறிக்குழம்பு. அப்பாவின் உலகம் அவ்வளவுதான். அந்தக் கறிக்குழம்பிலும் ஈரலை மட்டும் ஒதுக்கித் தட்டின் ஓரத்தில் வைத்துவிடுவார். அவருக்கு ஈரல் பிடிக்காது என்று நினைத்து, அவர் கை கழுவப் போகும்போது நான் எடுத்து வாயில் போட்டுக்கொள்வேன். அப்பா ஒன்றும் சொல்ல மாட்டார்.

அத்தைக்கு ஒரு மகள், ஒன்றாம் வகுப்புக்குப் போகிற வயது. இன்னும் காது குத்தவில்லை. நம் பக்கத்து வழக்கம் உங்களுக்குத் தெரியும். தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் ஆசாரி ஊசியை எடுப்பார். மடி வராமல் ஊசி வராது. மாமா எத்தனையோ தடவை, "எந்தினா காத்திரிக்கணும்? நம்மளே குத்தாம்" என்று சொல்லிப் பார்த்தார். அத்தை, "எங்கண்ணன் மடி இருக்கையில எதுக்கு?" என்பாள். வருஷத்துக்கு வருஷம் அந்தப் பிள்ளை வளர்ந்தது. காது மட்டும் மொட்டையாகவே இருந்தது.

நான் பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட்டு மாமாவின் ஜீப்பில் தொற்றிக்கொண்டு அத்தை வீட்டுக்குப் போய்வருவது அப்பாவுக்குத் தெரியாது. 

சனிக்கிழமை விடிந்ததும் மாமாவின் ஜீப்பில் ஏறினோம். காய் பறிக்கப் போகிற பெண்களுக்கு நடுவே நான், லீடர், வீடியோ அண்ணன். அண்ணன் கேமராவைக் கம்பளியில் சுற்றி மடியில் வைத்துத் தட்டிக்கொண்டே வந்தார்.

"புள்ளைக்குக் காய்ச்சலா தம்பி?" என்றாள் பக்கத்திலிருந்த அம்மா.

"ஆமாத்தா," என்றேன் நான். "பொறந்ததுல இருந்து ஒத்தக் கண்ணு. கண்ணாடிக் கண்ணு."

"அய்யோ பாவம்! தாயி எங்க?"

"ஜப்பான்ல."

அண்ணன் என் தொடையைக் கிள்ளினார். வளைவுக்கு வளைவு குளிர் ஏறியது. காது அடைத்துத் திறந்தது. மேலே போகப் போக மூடுபனி ஜீப்புக்குள் வந்து எங்களோடு உட்கார்ந்துகொண்டது. லீடர் வழியெல்லாம் வசனத்தை மனப்பாடம் பண்ணி, ஒரு வளைவில் அதை வாந்தியோடு சேர்த்து வெளியே விட்டான்.

ஏலக்காட்டில் ஓர் ஆள் உயரத்துக்கு ஏலச்செடித் தட்டைகள். காய் தரையோடு கிடக்கும். குனிந்து பறிக்கிறவர்களை மூடுபனியில் பார்க்கவே முடியாது. எல்லாம் குரல்தான். இந்தச் சரிவிலிருந்து ஒருத்தி, "ஊஊய்! கூடை நெறஞ்சு போச்சூ!" என்று கத்துவாள். கத்திவிட்டு அசையாமல் நிற்பாள். குரல் பள்ளத்தில் இறங்கி, எதிர்ச்சரிவில் ஏறி, அங்கே ஒருத்தி காதில் விழுந்து, அவள் பதில் திரும்பி வரும்வரை இவள் வாயைத் திறக்க மாட்டாள். நடுவில் பேசினால் இரண்டு குரலும் பள்ளத்தில் முட்டிக்கொண்டு விழுந்துவிடும். அத்தையும் அப்படியே ஆகியிருந்தாள். வீட்டுக்குள் பேசும்போதுகூட ஒரு வாக்கியம் சொல்லிவிட்டு நிறுத்தி, முகத்தைப் பார்த்துக் காத்திருப்பாள். அவள் வாய்ச்சண்டை போட்டு நான் பார்த்ததில்லை. எதிராளி பேசி முடிக்கும்வரை காத்திருந்தால் சண்டை எப்படி வரும்?

அதனால் லீடர் எழுதிக்கொடுத்ததை அவள் ஒரே தடவையில் பேசி முடித்தாள். கையில் பச்சைக் காய். "இந்தா பாருங்க மொதலாளி, காயி எப்பிடி?" நிறுத்தினாள். "அந்த வெலைக்குக் கட்டாதுங்க." நிறுத்தினாள். பக்கத்துச் சரிவுக்குக் கேட்கிற மாதிரி சத்தமாகத்தான் பேசினாள். ஆனால் இடைவெளி அளந்து வைத்ததுபோல் இருந்தது.

"அத்தே, ஒன்னைய மதுரையில பெரிய டிவியில போடப்போறாக," என்றேன்.

அவள் கூடையைக் கீழே வைத்தாள். "போடியில எப்ப போடுவீக?"

"நாளைக்கு ஞாயித்துக்கெழம. அண்ணன் கடையில."

"எங்கண்ணன் அந்தப் பக்கம் வருமா?"

"பக்கத்து டீக்கடையிலதான ஒக்காந்திருக்கும்."

முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். பிறகு வீடியோ அண்ணனிடம், "எப்பு, அந்தப் பட்டனை அமுக்கி வச்சிட்டு எல்லாரும் வெளிய போங்க," என்றாள்.

"டேப்பு வீணாப் போகும்த்தே."

"போகட்டும். ஒரு கூடைக் காயி வச்சிக்க."

வெளியே வந்தோம். மழை பிடித்துக்கொண்டது. தகரக் கூரையில் மழை கொட்டுகிற சத்தத்தில் உள்ளே அவள் பேசியது ஒன்றும் கேட்கவில்லை. ஜன்னல் வழியாகப் பார்த்தேன். தனியாக நின்று கேமராவிடம் என்னவோ சொன்னாள். நிறுத்தினாள். சிரித்தாள். மறுபடி சொன்னாள். மகளைத் தூக்கிக் காட்டினாள். லீடர் என் காதில், "ஒங்க அத்தைக்கு எதுவும் ஆகிப்போச்சாடா?" என்றான். ஒரு குத்து விட்டேன்.

மறுநாள் கடையில் கல்யாண லைட்டைப் போட்டதும் அறை அடுப்பாகிவிட்டது. லீடருக்கு ஒட்டிய மீசை வியர்வையில் நகர்ந்து நகர்ந்து கன்னத்துக்குப் போனது. தெர்மாகோல் பெட்டியில் சீரியல் பல்பு வைத்து, பழைய போன் ஒன்றை அதன் மேல் உட்கார வைத்திருந்தோம். கேமரா ஓட ஆரம்பித்தது. டெக்கில் கேசட்டும் ஓடியது. அதற்கு முன்னாலேயே நான் டீக்கடைக்கு ஓடி, "அப்பா, அண்ணன் ஒங்கள வெரசா வரச் சொல்லுச்சு, கடையில ஒரு சோலி," என்று சொல்லிவிட்டு வந்திருந்தேன்.

அப்பா வாசலில் வந்து நின்றபோது டிவியில் அத்தை விலை பேசிக்கொண்டிருந்தாள்.

நான் அவர் முகத்தைப் பார்த்தேன். முதலில் ஒன்றும் விளங்காத முகம். பிறகு விளங்கிய முகம். சட்டென்று துண்டை எடுத்துக் கண்ணை மறைத்துக்கொண்டு திரும்பினார். ஒரு கால் வாசல்படிக்கு வெளியே போய்விட்டது. அந்த நேரம் பார்த்து லீடர் எழுதிய வசனம் முடிந்தது. டிவி ஒருதரம் வெட்டியது. அத்தை மறுபடி வந்தாள்.

"அண்ணே! வாசலத் தாண்டாத. நில்லு."

அப்பாவின் கால் அப்படியே நின்றது. இந்தப் பக்கமும் இல்லை, அந்தப் பக்கமும் இல்லை.

அத்தை காத்திருந்தாள். பிறகு, "கோவம் வந்தா துண்டை ஒதறுவியே. ஒதறு," என்றாள்.

துண்டு ஏற்கனவே காற்றில் பட்டென்று அடித்திருந்தது. வீடியோ அண்ணன் வாயைப் பொத்திக்கொண்டார்.

"ஒதறிட்டியா? தோள்ல போடு. பாதிக் கோவம் எறங்கியிருக்கும்."

"எறங்கல," என்றார் அப்பா, டிவியைப் பார்த்து.

"எறங்கலன்னுதான் சொல்லுவ," என்றாள் அத்தை.

லீடர் பயந்துபோய் நாற்காலியை விட்டு எழுந்தான். மீசை கீழே விழுந்தது. நான் போன் ரிசீவரை எடுத்து அப்பா கையில் திணித்தேன். அவர் அதைக் காதில் வைத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தார். ஏன் வைத்தார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. வயர்கூட எதிலும் சேராமல் தொங்கிக்கொண்டிருந்தது.

"சாப்டியாண்ணே?"

"ம்."

"உம்முன்னு சொல்லாத. ஞாயித்துக்கெழம, கறிக்கொழம்பு. ஈரலை யாருக்கு வச்ச?"

  அப்பாவும் டிவியில் அத்தையும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு இருந்தார்கள். வெளியே ஒரு பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு போனது.

"தட்டு ஓரத்துல ஒதுக்கி வச்சிருப்ப. சின்னதுல எனக்கு வப்பியே, அது மாதிரி. இப்ப அந்தக் களவாணிப் பய எடுத்துத் திங்கிறான்ல? அவனே எங்கிட்டச் சொன்னான்."

அப்பா மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்தார். மலைக்குப் போய்வந்த குட்டு முழுவதும் அந்த ஒரு பார்வையில் உடைந்தது. நான் தெர்மாகோல் பெட்டிக்குப் பின்னால் ஒளிந்தேன்.

அத்தை குனிந்து மகளைத் தூக்கினாள். "இந்தா, ஒன் மருமக. காதப் பாரு. வேற ஒன்னும் கேக்கல. காதை மட்டும் பாரு. நேர்ல பாக்க மாட்ட, சூடம் அடிச்சவன். அதான் பொட்டியில வந்தேன். இதுல பாத்தா சாமி குத்தம் வராது." அந்தப் பிள்ளை ஒரு காதைக் காட்டி, பிறகு தலையைத் திருப்பி இன்னொரு காதையும் காட்டியது. "எப்பண்ணே வர்ற?"

அப்பா வாயைத் திறந்தார். அதற்குள் டிவி முழுக்க வெள்ளைப் புள்ளி இரைந்தது. கேசட் முடிந்துவிட்டது.

"டேய், கூப்புடுடா மறுபடி!" என்று கத்தினார் அப்பா. "நான் பதிலு சொல்லல, அதுக்குள்ள வச்சிட்டா!"

"சித்தப்பா, அது போனு இல்ல," என்றார் வீடியோ அண்ணன். "நேத்துப் பிடிச்ச படம்."

"நேத்தா?"

"நேத்து மத்தியானம்."

"இன்னிக்கு நான் பேசுனதுக்கு நேத்தே எப்பிடிடா பதிலு சொன்னா?"

எல்லாரும் லீடரைப் பார்த்தோம்.  அவன் பையிலிருந்த இரண்டு பேனாவையும் தடவிப் பார்த்துக்கொண்டான்.

அப்பா ரிசீவரை மடியில் வைத்துக்கொண்டு யோசித்தார். "ஏப்பா, இதுல பாத்தா, பாத்த கணக்கா?"

"கண்ணாடியில பாத்தாப்ல சித்தப்பா. வெறும் வெளிச்சந்தான்."

"அப்பச் சரி. இன்னொருக்கா போடு."

இரண்டாம் தடவையில் அவர் அத்தைக்கு முந்திக்கொண்டு பதில் சொல்ல ஆரம்பித்தார். மூன்றாம் தடவை அவளையே அதட்டினார். ஆனால் கடைசிக் கேள்வி வரும்போது மட்டும் ஒவ்வொரு தடவையும் வாய் மூடிக்கொண்டது. 

முதல் தடவை அவர் பேசியதெல்லாம் கேமராவில் பதிவாகியிருந்தது. அதைத்தான் போட்டிக்கு அனுப்பினோம். லீடர், "நான் நடிச்சதே இல்லையேடா," என்று அழுதான். "ஒன் மீசை விழுகுறது வருதுல்ல, போதும்," என்று சமாதானம் சொன்னேன்.

மதுரைக்கு ரயிலில் போனோம். அந்த ரயிலை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். இறங்கி ஒன்றுக்குப் போய்விட்டு ஓடிவந்து ஏறிக்கொள்ளலாம். சயின்ஸ் வாத்தியார், லீடர், அண்ணன், நான். கடைசிப் பெட்டியில் யாருக்கும் சொல்லாமல் அப்பாவும் ஏறியிருந்தார் என்பது மதுரையில் இறங்கிய பிறகுதான் தெரிந்தது. "மாட்டுக்குப் புண்ணாக்கு வாங்க வந்தேன்," என்றார். போடியில் கிடைக்காத புண்ணாக்கு!

பெரிய ஹாலில் மேடை மேல் டிவி. ஒரு பள்ளிக்கூடம் பறக்கும் கார் எடுத்திருந்தது. கட்டித் தொங்கவிட்ட நூல் காரைவிடத் தெளிவாகத் தெரிந்தது. எங்கள் படம் வந்தபோது ஹால் சிரித்தது, கை தட்டியது, பிறகு அமைதியானது.  முதல் பரிசு என்று நானே முடிவு செய்துவிட்டேன்.

நடுவர்கள் மூன்று பேர். ஒருவர், "எதிர்காலத்துப் போனில் ஏன் இப்படிக் கத்துகிறார்கள்?" என்று கேட்டார். இன்னொருவர், "இது நடக்காத காரியம். குளிக்காமல் கொள்ளாமல் இருக்கும்போது போன் வந்தால், யார் மூஞ்சியைக் காட்டச் சம்மதிப்பார்கள்?" என்றார். இப்போது அவர் எங்கே இருந்தாலும் என் பேத்தியிடம் அனுப்பி வைக்க வேண்டும். மூன்றாமவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுச் சொன்னார்: "அந்தப் பெண்மணி இயல்பாகச் செய்திருக்கிறார். ஆனால் அந்தப் பெரியவர் நடிப்பு ரொம்ப மிகை."

கடைசி வரிசையில் துண்டு உதறும் சத்தம் கேட்டது.

"யாருய்யா நடிச்சது?"

மொத்த ஹாலும் திரும்பியது. அப்பா எழுந்து நின்றிருந்தார். மேடை தூரத்தில் இருந்ததால் சத்தமும் அந்தக் கணக்குக்குத் தகுந்த மாதிரி இருந்தது.

"நடிப்பாமுல்ல நடிப்பு! அது என் தங்கச்சி! கூடப் பொறந்தவ! அந்தப் புள்ள என் மருமக!"

சொல்லிவிட்டுத் தானே திகைத்துப்போய் உட்கார்ந்தார். அத்தை மலையேறிய பிறகு அவர் வாயில் 'தங்கச்சி' என்ற சொல்லைக் கேட்டது அதுதான் முதல்.

பரிசு நூல் கட்டிய காருக்குப் போனது. எங்களுக்கு ஆறுதலுக்கு ஆளுக்கொரு பிளாஸ்டிக் சோப்பு டப்பா. திரும்பும்போது ரயிலில் வாத்தியார் ஜன்னலைப் பார்த்தபடியே வந்தார். லீடர் சோப்பு டப்பாவைத் திறந்து திறந்து மூடினான். ஆண்டிபட்டிக் கணவாய் தாண்டியதும் அப்பா வீடியோ அண்ணனிடம் மெதுவாகக் கேட்டார்.

"ஏப்பா, நேத்துப் படம் இல்லாம, அப்பப் பேசுறது அப்பவே டிவியில தெரியிற மாதிரி பண்ண முடியாதா?"

"கேமராவுல இருந்து டிவிக்கு நேரா வயரு குடுத்தாத் தெரியும் சித்தப்பா. வயரு நீளம் எவ்வளவோ அவ்வளவு தூரந்தான் போகும்."

"ஒரு தட்டிக்கு அந்தப் பக்கம் போகுமா?"

"அது போகும்."

"அப்ப தை பொறக்கட்டும். ஆசாரியக் கூட்டிட்டு மலைக்குப் போவோம்."

நான் பெட்டிக்குள்ளேயே குதித்தேன். சோப்பு டப்பா ஜன்னல் வழியாகப் பறந்துபோனது. போகட்டும்.

தை மாசத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் மாமாவின் ஜீப்பு எங்களோடு மலையேறியது. முன்சீட்டில் அப்பா. ஓட்டுகிற மாமாவோடு ஒரு வார்த்தை பேசவில்லை. ஆனால் வளைவில் லாரி வந்தால், "பாத்து, பாத்து," என்று ரோட்டிடம் சொன்னார். மடியில் ஒரு தூக்குச்சட்டி. தொடப்போன என் கையில் ஓர் அடி விழுந்தது. பின்னால் ஆசாரி, வீடியோ அண்ணன், கம்பளி சுற்றிய கேமரா, கடை டிவி, நான்.

ஏலக்காய் காயவைக்கிற ஸ்டோரில் ஏற்பாடு. நடுவே தகரத் தட்டி. இந்தப் பக்கம் பாயில் அப்பா, எதிரே டிவி. அந்தப் பக்கம் கேமராவுக்கு முன்னால் அத்தை, புதுச் சேலையில். தட்டிக்கு மேலே வயர். வெளியே ஷெட்டில் மாமா டீசல் என்ஜினை ஓட்டிக் கரண்டு கொடுத்தார். அண்ணன் பட்டனை அமுக்கியதும் டிவியில் அத்தை வந்தாள். அவள் கையை அசைத்தால் அந்தக் கணமே டிவியிலும் கை அசைந்தது. எனக்குப் புல்லரித்துவிட்டது. கேசட்டே இல்லை! லீடர் மட்டும் அங்கே இருந்திருந்தால் அவனைக் கட்டிப்பிடித்திருப்பேன்.

"நல்லாருக்கியாத்தா?" என்று அப்பா டிவியைப் பார்த்துக் கத்தினார்.

"நல்லாருக்கேண்ணே!" என்று டிவியிலும் தட்டிக்கு மேலேயும் இரண்டு குரலில் பதில் வந்தது.

ஒரு தகரத்துக்கு அப்பால் இருக்கிறவளுக்கு அவர் பம்பாய்க்குக் கத்துகிற கத்து கத்தினார். பட்டுப்பாவாடையில் மடியில் உட்கார்ந்திருந்த பிள்ளை டிவியைப் பார்த்தது, தட்டியைப் பார்த்தது, அப்பா முகத்தைப் பார்த்தது.

"அம்மா அந்தப் பக்கந்தான இருக்கு? மாமா எதுக்கு டிவியப் பாக்குது?"

"பேசாம இரு தாயி," என்றார் ஆசாரி. "இது ரெண்டு பெரிய மனுசக சமாச்சாரம்."

முதல் காதில் ஊசி ஏறியது. பிள்ளை வீறிட்டது. டிவியில் அத்தை, "அண்ணே, கைய இறுக்கிப் புடிக்காத, நெஞ்சோட அணைச்சுக்க!" என்றாள். அணைத்துக்கொண்டார். அழுகை கொஞ்சம் குறைந்தது. ஆசாரி அடுத்த காதுக்கு ஊசியைத் துடைத்தார்.

டப்பென்று டிவி இருண்டது. வெளியே என்ஜின் சத்தமும் நின்றிருந்தது.

நான் ஷெட்டுக்கு ஓடினேன். மாமா என்ஜின் பக்கத்தில் அடக்கமாக நின்று கையைத் துடைத்துக்கொண்டிருந்தார். "டீசல் தீர்ந்நு போயி மோனே," என்றார். அவர் காலடியில் டீசல் கேன் கழுத்துவரை நிறைந்திருந்தது. நான் கேனைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்த்தார். "பதுக்கெ ஸ்டார்ட் செய்யாம். எந்தா திரக்கு?" என்று, மெதுவாக ஓட்டிக்கொள்ளலாம், என்ன அவசரம் என்கிற மாதிரி கண்ணடித்தார்.

உள்ளே பிள்ளையின் அழுகை ஸ்டோரையே தூக்கியது. அதற்கு மேலே அப்பாவின் குரல்.

"ஏத்தா! ஏத்தா! எங்க போன? புள்ள அழுகுது, வெரசா வா!"

நான் திரும்பி ஓடிவந்தபோது அத்தை தட்டியைத் தாண்டி வந்திருந்தாள். வந்தவள் பாயின் விளிம்பில் நின்றுவிட்டாள். அப்பா துண்டைத் தேடினார். துண்டு பிள்ளைக்கு அடியில் மாட்டிக்கொண்டிருந்தது. மறைக்க ஒன்றும் இல்லை. பார்த்தார். அத்தை எப்போதும்போல் அவர் பேசட்டும் என்று காத்து நின்றாள்.

வெகுநேரம் பார்த்துவிட்டு, கத்தாமல், பக்கத்தில் இருக்கிறவளிடம் பேசுகிற சத்தத்தில் அப்பா சொன்னார்:

"பொட்டியில பூரிப்பாத் தெரிஞ்சியேத்தா. நேர்ல ஏன் இப்பிடி எளைச்சுக் கெடக்க?"

அத்தை சத்தம் வராமல் அழுதாள். அப்பா ஒரு கையால் பிள்ளையைப் பிடித்துக்கொண்டு மறு கையால் தூக்குச்சட்டியை அவள் பக்கம் தள்ளினார். "சும்மா நிக்காத. ஈரலு. ஆறுறதுக்கு முன்னால தின்னு."

ஆசாரி இரண்டாவது காதையும் குத்தி முடித்தார். என்ஜின் தானாகவே மறுபடி ஓட ஆரம்பித்தது. டிவியில் ஆள் இல்லாத ஒரு நாற்காலி தெரிந்தது. அதை யாரும் பார்க்கவில்லை.

எனக்குத்தான் நஷ்டம். அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமை தோறும் அந்தத் தூக்குச்சட்டி மாமாவின் ஜீப்பில் மலையேறியது. தட்டின் ஓரத்தில் எனக்கு ஒரு துண்டு ஈரல்கூட மிஞ்சியதே இல்லை.